மொட்டைக் காரின் புதுச் சைலன்சர்

கிளிநொச்சியில் அந்தக் காரைக் கண்ணால் காணாதவர்கள் இருந்திருக்கலாம். காதால் கேட்காதவர்கள் இல்லை. கரடிப்போக்குச் சந்தியில் அது திரும்பும்போதே, "அந்தா, தங்கராசா முதலாளியின்ரை பெடி வாறான்" என்று சனம் சொல்லிவிடும். சிவப்புக் கார். இரண்டே இரண்டு இருக்கை. மேலே கூரை கிடையாது. ஆகையால் ஊர் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வைத்திருந்தது. வெளிநாடு போன ஒரு டொக்டர் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓடினால் பறக்கும் என்பார்கள். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டியதுதான். அந்தப் புகை பட்டுப் பட்டு, காரின் அடியிலிருந்த இரட்டைச் சைலன்சரும் உக்கி ஓட்டை விழுந்துவிட்டன. அதன் பிறகு அது போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா, சொல்லி மாளாது.

"பொம்மர் வந்தாலும் கேக்க விடமாட்டான், நாசமறுவான்" என்று சனம் திட்டியது. திட்டாமல் என்ன செய்யும்? அந்த நாட்களில் ஆகாயத்தில் குண்டு போடுகிற விமானத்தின் முதல் இரைச்சல் கேட்ட உடனே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்க வேண்டும். காது அடைத்தவன் செத்தான். தங்கராசாவின் மகன் பிரதீபனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. சனம் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவதைப் பார்க்க அவனுக்குப் பெரிய சந்தோசம்.

அப்பேர்ப்பட்ட பிரதீபன் ஒரு நாள் காலை அந்தக் காரைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தான்.

வாகனம் திருத்துகிற யாக்கோப்புவின் கொட்டில் அக்கராயன் வீதியோரம், ஒரு பாலை மரத்தடியில் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் போட் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த மனிதன் அவன். கடலுக்குப் போகத் தடை வந்ததும் குடும்பத்தோடு இங்கே வந்து, கழுத்தில் செபமாலையும் கையில் ஸ்பானருமாகப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். வேர்த்து விறுவிறுத்து வந்த பிரதீபனைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன தம்பி, குதிரையை நீங்கள் இழுத்துக்கொண்டு வாறியள்? எஞ்சின் நிண்டு போச்சோ?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணை. சைலன்சர் ரெண்டையும் மாத்த வேணும். சத்தமே கேக்கக் கூடாது."

"சத்தம் கேக்கத்தானே தம்பி இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சனீங்கள்?"

"கலியாணம் வருகுதெல்லே. இந்தச் சத்தத்தோட தன்ரை மகளை ஏத்த விடமாட்டன் எண்டு மாமா சொல்லிப்போட்டார்."

அது பொய்யில்லை. திருவையாற்றில் பெண் பேசியிருந்தார்கள். பெயர் ரஜிதா. அவளுடைய தகப்பன் சிற்றம்பலம் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார். ஆனால் உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவதில் பிரதீபன் கெட்டிக்காரன்.

புதுச் சைலன்சருக்கு வன்னியில் எங்கே போவது? யாக்கோப்பு தானே செய்வான். தார்ப் பீப்பாத் தகரத்தைச் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். நடுவில் இருக்கும் இடைவெளியில் நன்றாக அரித்த சாம்பலை இறுக்கி அடைத்து, வாயை மூடி ஒட்டிவிடுவான். சாம்பல் சத்தத்தைக் குடித்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருத்தி அவனுக்குச் சாம்பல் கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைக்கும் அவள் கொட்டிலின் மூலையில் குந்தியிருந்து அரிதட்டில் சாம்பலை அரித்துக்கொண்டிருந்தாள்.

பிரதீபன் அவளைக் கண்டான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் சுப்பம்மா. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து அக்கராயன் பக்கம் குடியேறிய குடும்பம்.

"என்னங்கய்யா, ஓடுற காரத் தள்ளிக்கிட்டு வாறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"பெற்றோல் இல்லை" என்றான் அவன்.

யாக்கோப்பு காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தான். சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தம்பி, இதில என்னவோ ஒட்டிக்கிடக்கு."

"என்னது?"

"துணி. நைலெக்ஸ் துணி. சூட்டில உருகிச் சைலன்சரோட பிசின் மாதிரிப் பிடிச்சுக் கிடக்கு. ஊதாப் பூப் போட்ட துணி."

"றோட்டில கிடந்த குப்பையாக்கும். சுரண்டி எறியுங்கோவன்."

மூலையில் அரிதட்டு ஆடாமல் நின்றது. பிரதீபன் அவள் பக்கம் திரும்பாமலே, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

அவன் விழுங்கிய மீதியை இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லவே வயிறு எரிகிறது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், இருட்டு விழுகிற மைமல் பொழுதில் அவன் அக்கராயனிலிருந்து வந்துகொண்டிருந்தான். மேலே சுற்றுகிற ஹெலிக்குப் பயந்து யாருமே லைற் போடாத காலம். சத்தத்தை வைத்துத்தான் வாகனம் வருவதை அறிய வேண்டும். வன்னியில் அப்போது எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நோயாளியை வைத்துக்கொண்டு தெருவில் நின்று கை காட்டினால், எந்த வாகனமும் நிற்கும். மாட்டு வண்டிலும் நிற்கும், லொறியும் நிற்கும். ஆம்புலன்ஸ் இல்லாத ஊரில் அது ஒன்றுதான் சனத்துக்கு ஆதாரம். சுப்பம்மாவின் அக்கா வீரம்மா அதை நம்பித்தான் தெருவுக்கு ஓடி வந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கார்ச் சத்தம் கேட்டதும் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

அவன் நிற்கவில்லை. சீற்றில் நோயாளியை ஏற்றினால் அழுக்காகும் என்று நினைத்தானோ, எரிச்சலோ, அவனுக்கே வெளிச்சம். ஒதுக்கி எடுத்தான். கார் அவளை இடித்தது. விழுந்தவளின் சேலை அடியில் சிக்கி, கொதித்துக்கொண்டிருந்த சைலன்சரில் சுற்றிக்கொண்டது. மதகு வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போனான்.

அவள் அப்போதும் உயிரோடுதான் இருந்தாள். காருக்கு அடியிலிருந்து அவள் குரல் அவனுக்குக் கேட்டது.

"ஐயா, நிப்பாட்டுங்கய்யா. புள்ளைக்கு இழுக்குதுய்யா."

தன்னை விடச் சொல்லிக் கேட்கவில்லை பாருங்கள். பிள்ளைக்காகத்தான் கேட்டாள். அந்தப் படுபாவி என்ன செய்தான் தெரியுமா? அந்தக் குரல் தன் காதில் விழாமல் இருக்க அக்சிலேட்டரை மிதித்தான். ஓட்டைச் சைலன்சர் இரண்டும் அலறின. குரல் அதற்குள் அமிழ்ந்து போயிற்று. சேலை உருகி அறுந்ததும் அவளைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் அந்த இடத்திலேயே முடிந்தாள். பிள்ளையை யாரோ ஒருவருடைய சைக்கிள் பாரில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் சுப்பம்மா. விடிய முன்னம் அதுவும் போய்விட்டது.

சுப்பம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். "மொகத்தப் பாக்கலங்க. ஆனா அந்தச் சத்தம் என் காதுல இருக்கு. இன்னொரு வாட்டி கேட்டேன்னா சந்தையில வச்சே கைய காட்டிடுவேன்." அது எந்தச் சத்தம் என்று ஊருக்குத் தெரியாமலா போயிற்று? தெரியும். ஆனால் மண்ணெண்ணெய்க் கடைக்காரன் தங்கராசாவைப் பகைத்துக்கொண்டு எவன் இருட்டில் இருப்பான்? ஊர் வாயை மூடிக்கொண்டது. அவள் இவன்தான் என்று கையைக் காட்டிவிட்டால் மட்டும் மூட முடியாது. அதோடு கலியாணமும் போய்விடும், விசாரணையும் வரும். அதனால்தான் கார் அதுவரை தறப்பாளால் மூடிக் கிடந்தது, அதனால்தான் அவன் அதைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தான். அதனால்தான் அதன் குரலை மாற்ற வேண்டியிருந்தது.

*

புதுச் சைலன்சர் பூட்டிய காரை எடுக்க அவன் ஒரு பின்னேரம் போனான். சுப்பம்மா அங்கே இல்லை. அவனுக்கு நிம்மதி. யாக்கோப்பு அவன் முகத்தைப் பார்க்காமல் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினைக் கிளப்பினான். அடடா! பால் பொங்குகிற சத்தம்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. தெருவில் போனபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையடியில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது, எழும்பவில்லை. அவன் சிரித்துக்கொண்டே நேரே திருவையாற்றுக்கு விட்டான்.

சிற்றம்பலம் வீட்டு வாசல் படலையடியில் நின்றார். "ஏறுங்கோ மாமா, ஒரு சுத்துச் சுத்துவம்" என்றான். அவரும் சால்வையை இறுக்கிக்கொண்டு ஏறினார். வாய்க்கால் கரையோரம் போனார்கள். இரண்டு பக்கமும் வயல். காற்றில் ஈரச் சேற்று மணம்.

"இப்பதான் தம்பி இது கார். முந்தி இது மாடறுக்கிற சத்தமெல்லே போட்டது" என்று அவர் சந்தோசப்பட்டார்.

பிரதீபன் கியரை மாற்றினான்.

அப்போது சேற்று மணம் போய்விட்டது. உருகிய நைலெக்ஸ் மணம் வந்தது.

சிற்றம்பலம் மூக்கைச் சுளித்தார். பிறகு தலையைச் சரித்துக் காது கொடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டும். பின்னால ஆரோ கூப்பிடினம்."

"ஒருத்தருமில்லை மாமா."

"இல்லையடாப்பா. பொம்பிளைக் குரல். பிள்ளைக்கு ஏலாதாம், நிப்பாட்டட்டாம்."

பிரதீபனுக்கும் கேட்டது. பின்னாலிருந்து அல்ல.

கீழேயிருந்து.

இருக்கைக்கு அடியிலிருந்து, அவன் முழங்காலுக்கு நேர் கீழேயிருந்து, மெல்ல, மரியாதையாக.

"ஐயா, நிப்பாட்டுங்கய்யா."

அவன் பிறேக்கை மிதித்தான். எஞ்சின் நின்றது. குரலும் நின்றது. வயலில் ஒரு குருவி மட்டும் கத்தியது. சிற்றம்பலம் இறங்கி முன்னும் பின்னும் பார்த்தார், குனிந்து காருக்கு அடியிலும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"நான் நடந்தே போறன் தம்பி" என்றார். "கலியாணத்துக்கு இந்தக் கார் வேண்டாம்."

அவன் தனியே திரும்பினான். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். முந்தியென்றால் சத்தத்தால் அமுக்கியிருப்பான். இப்போது அமுக்கச் சத்தமில்லை. எவ்வளவு மிதித்தாலும் கார் பால் பொங்குவது போலவே முனகியது, அவள் குரல் மட்டும் தெளிவாக, இன்னும் தெளிவாக.

"புள்ளைக்கு இழுக்குதுய்யா."

"ஐயா."

"ஐயா, கேக்குதாய்யா?"

*

யாக்கோப்புவின் கொட்டிலுக்குள் அவன் பாய்ந்து விழுந்தபோது சுப்பம்மா அங்கே இருந்தாள். அவனுக்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றாள். மடியிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டினாள். ஊதாப் பூப் போட்ட, ஓரம் உருகிய நைலெக்ஸ்.

"இந்தச் சேலய போன தீவாளிக்கு நான்தாங்க அக்காவுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்றாள்.

பிரதீபன் யாக்கோப்புவின் சேட்டுக் கொலரைப் பிடித்தான். "என்னடா செய்தனி என்ரை காருக்கு?"

யாக்கோப்பு அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "நான் வேதக்காரன் தம்பி. சாம்பலில சங்கதி இருக்கெண்டு நம்பிறனில்லை. இந்தப் பிள்ளை வந்து, சூளைச் சாம்பல் வேண்டாம் அண்ணை, இதை வையுங்கோ எண்டு ஒரு முடிச்சைத் தந்துது. ஆரின்ரை சாம்பல் எண்டும் சொல்லித்தான் தந்துது. வைச்சன். அந்தத் துணியைச் சுரண்டின கையால வேறை என்னத்தை வைக்கச் சொல்லுறியள்?"

"அக்காவ எரிச்சுட்டு, எரணமடு கொளத்துல கரைக்கத்தான் போனேங்க" என்றாள் சுப்பம்மா. "மனசு வரல. நியாயம் கெடைக்காம எப்பிடிங்க அனுப்புறது? அப்பிடியே மடியில கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சந்தையில நாலு சனத்துக்கு முன்னால நின்னு, நான்தான் இடிச்சேன், அவ கத்துனது கேட்டுச்சு, நிப்பாட்டலன்னு சொல்லுங்க. அக்காவ நான் வாங்கிட்டுப் போய்க் கரைச்சிடுறேன். அவ போயிடுவா. நானும் ஒங்க பக்கம் வரமாட்டேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மனிசனாகப் பிறந்தவன் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான்.

"உனக்கு விசரோடி?" என்றான் பிரதீபன். "சூளையில சாம்பல் அள்ளுறவளுக்குப் பயந்து நான் என்ரை கலியாணத்தைக் குழப்பவோ? உன்ரை கதையை ஆர் கேக்கப்போகினம்?"

"என்னயத் தேவையில்லீங்க. அவளத்தான் கேக்கப்போறாங்க."

அவன் காரை நோக்கித் திரும்பினான். யாக்கோப்பு பின்னாலிருந்து சொன்னான்: "தம்பி, உங்கடை முறை எனக்கு வடிவாய்த் தெரியாது. ஆனால் அந்தச் சாம்பலில உரிமை இருக்கிறது இந்தப் பிள்ளைக்குத்தான். நீங்கள் அதில கை வைக்காதையுங்கோ."

அந்த ஒரு பேச்சுதான் அவனுக்கு வழி காட்டியது. கேடுகெட்ட வழி. சாம்பலைக் கரைத்தால் அவள் போய்விடுவாள் என்றால், கரைக்கிற கை எதுவாக இருந்தால் என்ன?

*

விடிந்தும் விடியாத நேரம். இரண்டு சைலன்சரையும் கழற்றிச் சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு அவன் இரணைமடுக் குளத்துக்குப் போனான். காரைக் கிளப்பவே இல்லை. குளத்தில் தண்ணீர் நிரம்பி, அணைக்கட்டு ஓரமெல்லாம் பாசி மணம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, உளியால் தகரத்தை உடைத்தான்.

கார் இரவு முழுக்க நின்றிருந்தது. சாம்பல் சுடச் சுட இருந்தது.

உள்ளங்கை பொசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டான். தன் பாட்டனாருக்குத் தகப்பன் செய்ததைப் பார்த்திருக்கிறான். அதே மாதிரி கிழக்கே பார்த்து நின்று விட்டான்.

வலை எடுக்க வந்த ஒரு மனிதர் வள்ளத்தை அவன் பக்கமாக வலித்துக்கொண்டு வந்தார். சாம்பலைக் கண்டதும் துடுப்பை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"ஆருக்குத் தம்பி செய்யிறியள்?"

பிரதீபன் கையைத் தண்ணீருக்குள் மறைத்தான். என்ன சொல்வது?

"அம்மாவுக்கோ?" என்று அவரே கேட்டார்.

"ஓம்" என்றான். ஆள் போனால் சரி என்ற அவசரம்.

"மூத்த மகன் நீங்களோ?"

"ஓம். நான்தான்."

"பாவம். வடிவாய்ச் செய்து அனுப்புங்கோ. மூண்டு தரம் தலை முழுகிப்போட்டு, திரும்பிப் பாராமல் போங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

போகிற போக்கில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் முழுகாமல் இருக்க முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனான்.

தண்ணீருக்குள் எல்லாச் சத்தமும் அடைபட்டது.

அப்போது காதுக்குப் பக்கத்தில், வாய் வைத்துச் சொன்ன மாதிரி ஒரு குரல்.

"மகனே."

இதுவரை ஐயா என்று கூப்பிட்டவள் அவள். இடித்தவனை ஐயா என்று கூப்பிட்டவள். அவனோ குளத்துக்குள் நின்று, சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரும் சூரியனும் சாட்சியாக, அவள் என் அம்மா, நான் மூத்த மகன் என்று வாயால் சொல்லிவிட்டான். கொள்ளி வைக்கிறவனும் சாம்பல் கரைக்கிறவனும் பிள்ளை. உறவு சொல்லிச் செய்த கருமத்தைத் திருப்பி வாங்க முடியுமா? ஊரிலுள்ள எந்தச் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லும்.

அவன் வாயில் தண்ணீர் போய், இருமிக்கொண்டு கரையேறினான். திரும்பிப் பார்த்தான்.

குளத்தில் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்.

*

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாட்கள் போயின. மணமும் இல்லை. கை பொசுங்கிய காயமும் ஆறியது. பிரதீபன் மீசையை முறுக்கிக்கொண்டான். மொட்டைக் காரைத் தறப்பாளால் மூடிவிட்டு, கலியாணத்துக்கு ஒரு பழைய ஒஸ்ரின் காரை ஒழுங்கு பண்ணினான். சுப்பம்மாவைத் தெருவில் கண்டால் பாட்டுப் பாடிக்கொண்டு போனான். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, நீங்களே கரைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் பரிதாபப்பட்ட மாதிரிக் கேட்டது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

கலியாணம் திருவையாற்றில் வெகு சிறப்பாக நடந்தது. தாலி கட்டி, சாப்பிட்டு, பின்னேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் கால்மாறல் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. ஆலாத்தி எடுக்க மாப்பிள்ளை பகுதியில் ஒருத்தி, பெண் பகுதியில் ஒருத்தி என்று இரண்டு பெண்கள் தட்டோடு நின்றார்கள்.

ஒருத்தி பிரதீபனின் சின்னம்மா. மற்றவளை அவனுக்குத் தெரியவில்லை. ரஜிதாவின் சொந்தமாக்கும் என்று நினைத்தான். ரஜிதாவோ அவள் பிரதீபனின் சொந்தம் என்று நினைத்துக் குனிந்து வணங்கினாள். கலியாண வீட்டில் யார் யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? சிரித்த முகமாக நிற்கிறவளை யார் என்று கேட்பது மரியாதையில்லை. பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றார்கள். எல்லோரும் வழி விட்டார்கள்.

அவள் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முழுகிவிட்டு அவசரமாக வந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

தட்டை மூன்று தரம் சுற்றினாள். பெருவிரலால் பிரதீபனின் நெற்றியில் பொட்டு வைத்தாள். விரல் குளிர்ந்தது. பொட்டு சுட்டது. அவன் கையால் தொட்டுப் பார்த்தான். குங்குமம் இல்லை.

சாம்பல்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஊதாப் பூப் போட்ட சேலை. ஒரு பக்க முந்தானை உருகிச் சுருண்டிருந்தது.

என்னவென்று சொல்வான்? இவள் யார் என்று கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. இத்தனை பேருக்கு முன்னால், சிற்றம்பலத்துக்கு முன்னால், ரஜிதாவுக்கு முன்னால். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அவள் அவனுக்கு முன்னால் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போனாள்.

*

அந்த இரவு முழுவதும் அவன் கண்ணை மூடவில்லை. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். வீட்டுக்குள் எங்கும் அவளைக் காணவில்லை. விடிந்ததும்தான் சற்றுக் கண் அயர்ந்தான்.

ரஜிதா வந்து எழுப்பினாள். குளித்து, தலையில் துண்டு கட்டி, புதுத் தாலி மார்பில் மினுங்க நின்றாள். முகத்தில் நல்ல சிரிப்பு.

"எழும்புங்கோ. தேத்தண்ணி போட்டிட்டன். ஏனப்பா, உங்களுக்கு ரெண்டு அம்மா எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆர் சொன்னது?"

"அவாதான் சொன்னவா. குசினிக்குள்ள மாமியோட பாயில இருக்கிறா. மலைநாட்டுத் தோட்டப் பக்கத்துக் கதை கதைக்கிறா, கேக்க நல்லாயிருக்கு. நீங்கள் தனக்கு மூத்த மகனாம். குளத்தடியில வைச்சு நீங்களே சொன்னதாம்." ரஜிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அவாவின்ரை கைக்குழந்தை ஒண்டு செத்துப் போச்சாம். அதால எங்களுக்குப் பிறக்கிற முதல் பிள்ளையைத் தன்னட்டைத் தந்திடட்டாம். தானே கொண்டுபோய் வளப்பனெண்டு சொல்லுறா. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. மாமியைக் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

பிரதீபன் கட்டிலிலிருந்து பாய்ந்தான். கதவடியில் கால் வழுக்கியது. சீமெந்து நிலமெல்லாம் ஈரம்.

"அம்மா!" என்று கத்தினான். "அம்மா, ஒண்டும் சொல்லாதையுங்கோ!"

குசினிக்குள், அடுப்படியில் இருந்த பிரதீபனின் தாய் வடிவம்மாவுக்கு அது கேட்கவில்லை. வந்திருக்கிறவள் சம்பந்தி வீட்டுச் சொந்தம் என்ற நினைப்பில், மனம் நோகக் கூடாதென்று அவள் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன பிள்ளை, இனி நாங்கள் ஒரே குடும்பம்தானே. மூத்ததை நீங்களே கொண்டுபோங்கோவன்."

"சரிங்கம்மா" என்றது இன்னொரு குரல். "நான் எடுத்துக்கிறேன்."